இன்ஸ்டாகிராம் புரொஃபஷனல் அக்கவுண்ட்: சேலத்துக் கடைக்காரருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

செவ்வாய்பேட்டையில் கொலுசு செய்கிறவர், இளம்பிள்ளையில் சேலை விற்கிறவர், சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறவர், ஏற்காட்டில் நாலு அறையை வாடகைக்கு விடுகிறவர். இந்த நான்கு பேருக்கும் இன்று ஒரே கேள்விதான்: ஒரு ஃபாலோயர்கூட இல்லாமல் ஆரம்பித்தால் ஆள் சேருமா? இந்த மதிப்பீடு அவர்களுக்காக எழுதப்பட்டது. இன்ஸ்டாகிராம் இலவசமாகத் தருகிற புரொஃபஷனல் அக்கவுண்ட், அதோடு வருகிற குட்டி வீடியோக்களான ரீல்ஸ், சோதனைக்குப் போடும் ட்ரையல் ரீல், யார் பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ், காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டவைக்கிற பூஸ்ட், சந்தா கட்டிப் பெறும் நீல டிக் எல்லாவற்றையும் கடைக்காரர் கண்ணோடு பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலவசப் பகுதி அருமையான சரக்கு; ஒரு சின்னக் கடைக்கு அதுவே போதும். பூஸ்ட் சில இடங்களில் மட்டும் உதவும். நீல டிக் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வெளியாட்கள் விற்கிற "பத்தாயிரம் ஃபாலோயர் பேக்கேஜ்" கடைக்கு நேரடிக் கேடு.

எண்ணிக்கைக்கு முன்னால் யாரைச் சேர்க்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். தட்டுவடைக் கடைக்குச் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் வேண்டும். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் அஸ்தம்பட்டியிலும் இருக்கிற ஐந்நூறு பேர், டெல்லியில் இருக்கிற ஐம்பதாயிரம் பேரைவிட மேல். ஏற்காட்டு விடுதிக்கு நேர் எதிர். சேலத்துக்காரர் காலையில் மலையேறி ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அறை எடுக்க மாட்டார். அங்கே தேவை பெங்களூரு, சென்னை, கோவைக்காரர்கள். இளம்பிள்ளைச் சேலைக்கு ஊரே கணக்கில்லை. மொத்தமாக எடுத்து விற்கும் ரீசெல்லரா, ஒரே சேலை கேட்கும் வீட்டுப் பெண்மணியா என்பதுதான் கேள்வி. இருவருக்கும் ஒரே கணக்கில் வீடியோ போட்டால் ரீசெல்லருக்குத் தரும் மொத்த விலை எல்லோருக்கும் அம்பலமாகும், வீட்டுப் பெண்மணிக்கு "செட்டாக மட்டும்தான் விற்போம்" என்ற பதில் எரிச்சல் தரும். இரண்டு கணக்கு வைப்பது நல்லது.

கணக்கு திறக்கும்போதே முதல் சிக்கல் வருகிறது. புரொஃபஷனல் அக்கவுண்டில் இரண்டு வகை: பிசினஸ், கிரியேட்டர். பிசினஸ் எடுத்தால் சினிமாப் பாட்டில் பெரும்பகுதி பாட்டுப் பட்டியலில் வராது. "அப்படியானால் கிரியேட்டர் எடுத்துக்கொள்ளலாம்" என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அதில் பாட்டு கிடைக்கும். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கான உரிமம் வியாபாரப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டதல்ல. கடை விளம்பரத்தில் போட்டால் ஒலி முடக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். காப்புரிமைப் பாட்டு உள்ள ரீலைப் பின்னால் பூஸ்ட் செய்யவும் விடாது. நம்முடைய பரிந்துரை: பிசினஸ் எடுங்கள், பாட்டை மறந்துவிடுங்கள். எண்ணெயில் மாவு விழும் சத்தம், பட்டறையில் சுத்தி விழும் சத்தம், தறிச் சத்தம், அதன்மேல் கடைக்காரரின் சொந்தக் குரல். சேலத்துப் பேச்சிலேயே பேசினால் ஊர்க்காரர் காது உடனே நிமிரும். பின்னணி இசை வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் வியாபாரத்துக்கும் அனுமதியுள்ள இசை இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்தது பெயர். தேடலில் யூசர்நேம் மட்டுமல்ல, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் வருகிற பெயர்ப் பகுதியும் பார்க்கப்படுகிறது. அங்கே கடையின் பெயரோடு "வெள்ளிக் கொலுசு, சேலம்" என்றும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பதினான்கு நாளில் இரண்டு முறைக்கு மேல் மாற்ற விடாது என்பதால் யோசித்து எழுத வேண்டும். கடை அறிமுகம் எழுதுகிற பயோவுக்கு 150 எழுத்துத்தான் இடம்: என்ன விற்கிறோம், எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வெளியூருக்கு அனுப்புவோமா. "தரமே தாரக மந்திரம்" போன்ற வரிகளுக்கு அங்கே இடமில்லை. லிங்க் ஐந்து வரை போடலாம். முதலாவது வாட்ஸ்அப், இரண்டாவது கூகுள் மேப்.

சேலத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது, ஒரிகான் மாநிலத்தில் இன்னொன்று. 1692-ல் சூனியக்காரிகள் என்று சொல்லி விசாரணை நடந்த ஊர் முதலாவது. அதனால் ஆங்கிலத்தில் சேலம் என்று ஹேஷ்டேக் போட்டால் அக்டோபர் மாதத்தில் ஹாலோவீன் பூசணிக்காய்களுக்கு நடுவே நம் கொலுசு காணாமல் போகும். ஹேஷ்டேக்கைத் தமிழ் எழுத்தில் போடுங்கள், அல்லது ஊர்ப்பெயரோடு பொருளின் பெயரையும் ஒட்டி ஒரே சொல்லாக்குங்கள். லொக்கேஷன் வைக்கும்போது தமிழ்நாடு என்று வருகிற வரியைத் தேர்ந்தெடுங்கள். பூஸ்ட் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். பட்டியலில் அவசரமாக முதலாவதைத் தட்டினால் காசு அட்லாண்டிக்குக்கு அப்பால் செலவாகும்.

இனி ரீல்ஸ். 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அன்றிலிருந்து, நம்மைத் தெரியாதவர் கண்ணில் நாம் படுவதற்கான முக்கிய வாசல் இதுதான். புகைப்படமும் ஸ்டோரியும் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்களிடம்தான் போகும். ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர் உழைப்பில் பெரும்பங்கை ரீலில் போட வேண்டும்.

எந்த ரீல் பரவுகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று விஷயங்களைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் செய்கிறார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள். தெரியாதவர்களிடம் போய்ச் சேர மூன்றாவதுதான் அதிக எடை கொண்டது. அதாவது "இதை அக்காவுக்கு அனுப்பலாம்" என்று தோன்ற வைக்க வேண்டும். விலை எழுதிய சேலை வீடியோ அனுப்பப்படும். எடை எழுதிய கொலுசு அனுப்பப்படும். கடை வாசலில் முதலாளி கும்பிட்டபடி நிற்கும் பண்டிகை வாழ்த்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

முதல் மூன்று விநாடிதான் தலையெழுத்து. தட்டுவடை செட் என்றால், காரச் சட்னி தடவுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவல் வைத்து மூடிய செட்டைக் கடிக்கும்போது வருகிற "நறுக்" சத்தம் முதல் விநாடியிலேயே கேட்க வேண்டும். பிறகு செய்முறைக்குப் போகலாம். மொத்தம் பதினைந்திலிருந்து இருபது விநாடி. கடைப் பெயர்ப்பலகையைக் காட்டி ஆரம்பிக்கிற வீடியோ பாதிப் பேரை அங்கேயே இழந்துவிடும். பலகை கடைசியில் வந்தால் போதும்.

படம் எடுப்பதில் தவறு நடக்கிற இடங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேலத்துக் கடைகளின் வீடியோக்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். செங்குத்தாக, 9:16 அளவில், 1080-க்கு 1920 பிக்சலில் எடுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கீழே மூன்றில் ஒரு பங்கில் எழுத்து எதுவும் வைக்காதீர்கள், வீடியோவோடு எழுதுகிற கேப்ஷனும் பொத்தான்களும் அதை மறைத்துவிடும்.

கடைக்குள் எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறதே, அதற்குக் காரணம் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விலை குறைந்த விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கும். போன் கேமராவின் ப்ரோ வீடியோ முறைக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் கோடு போய்விடும். அந்த வசதி இல்லாத போன் என்றால் விளக்கை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள்.

வெள்ளி கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் அப்படியே காட்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் கொலுசு செம்பு மாதிரித் தெரியும். ஜன்னலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகி, வேலைப்பாடு தெரியும். கறுப்பு வெல்வெட்டில் வைத்து எடுப்பது வழக்கம். ஆனால் சுற்றிலும் இருட்டாக இருப்பதால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சலங்கையெல்லாம் வெள்ளைப் புள்ளியாகக் கரைந்துவிடும். கொலுசின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். திருகாணி போடும் இடத்தைக் கட்டாயம் அருகில் காட்டுங்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வெள்ளி விலை தினமும் மாறுவதால் மொத்த விலையை வீடியோவில் எழுதினால் மறுநாளே சண்டை. எடை கிராமில், செய்கூலி எவ்வளவு, "வெள்ளி அன்றைய விலைக்கு" என்று எழுதுங்கள். "விலைக்கு டி.எம். செய்யவும்", அதாவது தனிச் செய்தியில் கேட்கவும், என்று மட்டும் போடுவது வாடிக்கையாளரைத் துரத்துகிற வழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும்.

சேலைக்கு நிறம்தான் எதிரி. வாசல் பகல் வெளிச்சமும் உள்ளே மஞ்சள் விளக்கும் கலந்தால் போன் குழம்பிவிடும். ஏதாவது ஒரு வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். வாடாமல்லியும் அடர் சிவப்பும் போனில் எப்போதும் சற்று மிகையாகத் தெரியும்; எடுத்த வீடியோவைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் கேப்ஷனில் அதை எழுதிவிடுங்கள். திரும்பி வருகிற பார்சல்களில் நிறத் தகராறு பெரும்பங்கு. முந்தி, உடல், பார்டர், ப்ளவுஸ் பிட், கடைசியாகச் சேலையின் உட்பக்கம். உட்பக்கத்தைப் பெரும்பாலான கடைகள் காட்டுவதில்லை. நெசவா பிரிண்ட்டா, நூல் தொங்குகிறதா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். காட்டுகிற கடையை நம்பி ஃபாலோ செய்வார்கள்.

எடிட் செய்ய, 2025 ஏப்ரலில் வந்த எடிட்ஸ் செயலி போதும். காசில்லை, வீடியோவில் முத்திரையும் விழாது. முத்திரை பற்றி ஏன் சொல்கிறோம் என்றால், வேறு செயலியின் லோகோ விழுந்த வீடியோவை இன்ஸ்டாகிராம் புதியவர்களிடம் கொண்டுபோவதைக் குறைத்துவிடும். மூன்று நிமிடத்துக்குள் இருக்கும் ரீல்தான் பரிந்துரைக்குப் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்; கடைக்கு ஒரு நிமிடமே அதிகம்.

வாரத்துக்கு மூன்று ரீல், மூன்று மாதம். இதற்குக் குறைவாகப் போட்டுவிட்டு "எதுவும் நடக்கவில்லை" என்று சொல்ல முடியாது. தினமும் எடுக்க வேண்டியதில்லை; வாரத்தில் ஒரு காலை, கூட்டம் வருவதற்கு முன் மூன்றையும் எடுத்துவிட்டு, நேரம் குறித்து வைத்துவிடலாம். புரொஃபஷனல் கணக்கில் 75 நாள் வரை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கான கொலுசு வீடியோக்களை ஆனியிலேயே ஏற்றி வைத்துவிடலாம். நேரத்தை ஊகிக்க வேண்டாம். ஃபாலோயர்கள் எந்த மணிக்கு இருக்கிறார்கள் என்று இன்சைட்ஸ் சொல்லும்.

இன்சைட்ஸ்தான் இந்த இலவசச் சரக்கில் மிகவும் உயர்ந்த பகுதி, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான். பார்வை எண்ணிக்கையை விடுங்கள். மூன்று இடத்தைப் பாருங்கள்: எந்த விநாடியில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் கோடு, எத்தனை பேர் அனுப்பினார்கள், பார்த்தவர்களில் ஃபாலோ செய்யாதவர் எத்தனை சதவீதம். கோடு நான்காவது விநாடியில் பள்ளத்தில் விழுந்தால் அங்கே என்ன காட்டினீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு லோகோவோ வணக்கமோ இருக்கும். ஃபாலோயர்களின் ஊர்ப் பட்டியலும் கிடைக்கும். தட்டுவடைக் கடைக்கு முதலிடத்தில் சேலம் இல்லையென்றால் வீடியோ நன்றாக ஓடினாலும் வியாபாரத்துக்கு ஓடவில்லை என்று பொருள்.

2024 டிசம்பரில் வந்த ட்ரையல் ரீல் நல்ல சேர்க்கை. இதைப் போட்டால் முதலில் ஃபாலோ செய்யாதவர்களுக்கு மட்டுமே காட்டும். எப்படி ஓடுகிறது என்று ஒரு நாளில் தெரிந்துவிடும். ஒரே கொலுசுக்கு இரண்டு வித ஆரம்பம் எடுத்து எது நிற்கிறது என்று பார்க்க இதைவிட வசதி வேறில்லை. 72 மணி நேரத்தில் நன்றாக ஓடினால் எல்லோருக்கும் தானாகவே போகும்படி வைக்கலாம். தொடக்கத்தில் ஆயிரம் ஃபாலோயர் தாண்டிய கணக்குகளுக்கே தந்தார்கள். பகிரும் பக்கத்தில் ட்ரையல் என்ற சுவிட்ச் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

மூன்று பதிவுகளைப் பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி "பின்" செய்யலாம். ஒன்று கடைக்கு வழி: பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்தோ புது பஸ் ஸ்டாண்டிலிருந்தோ நடந்து வருகிற மாதிரி எடுத்த வீடியோ. இரண்டாவது விலையும் அனுப்பும் முறையும், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த அன்பாக்ஸிங் வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவோம் போன்ற நிபந்தனைகளும். மூன்றாவது இதுவரை அதிகம் அனுப்பப்பட்ட ரீல். 2025 ஜூலையிலிருந்து பொதுவான புரொஃபஷனல் கணக்குகளின் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. ஆகவே கேப்ஷனில் இதய ஸ்மைலிக்குப் பதிலாகச் "சேலம் செவ்வாய்பேட்டை, 120 கிராம் சலங்கைக் கொலுசு" என்று வாக்கியமாக எழுதுவது இரட்டைப் பலன்.

ஊர்ப் பெயரில் நடக்கிற இன்ஸ்டாகிராம் பக்கங்கள் பற்றி. மற்றவர் வீடியோவை எடுத்துப் போட்டு வளர்ந்த பக்கங்கள் நிறைய. முப்பது நாளில் பத்து முறைக்கு மேல் பிறர் சரக்கைப் போடுகிற கணக்கைப் பரிந்துரையிலிருந்து நீக்குவதாக இன்ஸ்டாகிராம் 2024-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட பக்கத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் போடுவதற்கு முன் அவர்களுடைய சமீபத்திய இன்சைட்ஸைக் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள். அதைவிட நல்லது கொலாப். பட்டுக் கடையும் கொலுசுக் கடையும் சேர்ந்து ஒரே ரீலை இரண்டு கணக்கிலும் வெளியிடலாம். கல்யாணத்துக்கு வாங்குகிறவர் ஒருவரே என்பதால் இரு பக்கத்துக்கும் சரியான ஆள் வருவார். ஃபுட் ரிவ்யூ செய்பவரைக் கூப்பிட்டால், காசு கொடுத்தாலும் சரி, இலவசமாகச் சாப்பாடு போட்டாலும் சரி, அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகத் தெரிய வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் வரை, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை போகும். இது விளம்பரம் என்று காட்டும் பெய்ட் பார்ட்னர்ஷிப் லேபிளைப் போட ஒரு தட்டுத்தான்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சில விஷயம். ஏரியும் லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்ட்டும் ஆயிரம் பேர் எடுத்தாயிற்று. உங்களிடம் மட்டும் இருப்பது மாதங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் காபிச் செடி வெள்ளையாகப் பூக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு. இதையெல்லாம் தோட்டத்துக்குள் இருப்பவரால்தான் அந்த நாளில் எடுக்க முடியும். இருபது கொண்டை ஊசி வளைவையும் முதன்முதலாக ஓட்டிவருகிற பெங்களூருக்காரருக்கு, எந்த கியரில் இறங்க வேண்டும், இரவில் ஏறலாமா, அறைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் எப்படி என்று காட்டுகிற ரீல் மிகவும் பயன்படும், மற்றவருக்கும் அனுப்பப்படும். சிக்னல் குறைந்த இடத்தில் பதிவேற்றினால் படம் மங்கலாகிப் போகும். செட்டிங்ஸில் மீடியா குவாலிட்டிக்குள் "உயர்ந்த தரத்தில் பதிவேற்று" என்பதை இயக்கிவிட்டு, வைஃபை உள்ள இடத்துக்கு வந்து ஏற்றுங்கள். வெளியிடாமல் சேமித்து வைத்த டிராஃப்ட் போனுக்குள்தான் இருக்கும். செயலியை நீக்கினால் எல்லாம் போய்விடும் என்பதால் கேலரியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

பூஸ்ட்: ஏற்கெனவே தானாக நன்றாக ஓடிய ரீலுக்கு மட்டும் காசு போடுங்கள். ஓடாத ரீலைப் பூஸ்ட் செய்தால் காசு நிற்கும் வரைதான் ஓடும். ஆடியன்ஸை "ஆட்டோமேட்டிக்" என்று விடாதீர்கள். தட்டுவடைக் கடைக்குக் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர். ஏற்காட்டு விடுதிக்குப் பெங்களூரும் சென்னையும். குறிக்கோளில் ஃபாலோயர் வேண்டுமென்றால் ப்ரொஃபைல் விசிட், ஆர்டர் வேண்டுமென்றால் மெசேஜ். கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஏற்காடு கோடை விழாவுக்கு முந்தைய வாரங்கள், ஆடி, தீபாவளி தவிர மற்ற நாட்களில் சின்னக் கடைக்கு இது தேவைப்படாது.

விலைக்கு வாங்குகிற ஃபாலோயர் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் போலி. பார்க்காது, லைக் போடாது, அனுப்பாது. ஃபாலோ செய்பவர்களே கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்தால் உங்கள் ரீல் வெளியே போக மறுக்கும். அவ்வப்போது இன்ஸ்டாகிராம் போலிகளை நீக்கும்போது எண்ணிக்கையும் சரியும், இன்சைட்ஸும் பாழாகி எந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். அந்தக் கணக்கைச் சீர் செய்வதைவிடப் புதிதாக ஆரம்பிப்பது சுலபம்.

நீல டிக் தரும் மெட்டா வெரிஃபைடு 2023 ஜூனில் இந்தியாவுக்கு மாதம் 699 ரூபாயில் வந்தது. அது ஃபாலோயர் சேர்க்கிற கருவி இல்லை. ஆனால் சேலைக் கடைகளுக்கு ஒரு நிஜமான ஆபத்து உண்டு: உங்கள் வீடியோக்களையே எடுத்து, ஒரு எழுத்து மாறிய பெயரில் கணக்கு திறந்து, ஜிபேயில் முன்பணம் வாங்கி ஏமாற்றுவது. அது நடக்க ஆரம்பித்துவிட்டால் போலிக் கணக்கை அகற்றவும் மெட்டாவின் உதவிப் பிரிவு ஆளோடு பேசவும் இந்தச் சந்தா உதவும். அதுவரை, எங்கள் ஜிபே எண் இது ஒன்றுதான் என்று பின் செய்த பதிவில் எழுதி வைப்பது போதுமான காவல்.

கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் கடையுடையதாக இருக்க வேண்டும். மச்சினர் மகனுடையதாகவோ வீடியோ எடுத்துத் தருகிற ஏஜென்சியுடையதாகவோ இருந்தால், அவர்கள் விலகும் நாளில் கணக்கும் போகும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரண்டு-படிச் சரிபார்ப்பை, அந்தக் குறியீட்டைத் தருகிற ஆதென்டிகேட்டர் செயலி வழியே இயக்குங்கள். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்" என்று டி.எம்.-ல் லிங்க் வந்தால் தொடாதீர்கள். உண்மையான அறிவிப்பு செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் பகுதியில்தான் இருக்கும். சரிபார்ப்பை இயக்கும்போது தருகிற பேக்அப் குறியீடுகளைப் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காமல் தாளில் எழுதி, கடை உரிமம் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அதுதான் வழி.